அட்வான்ஸ், கரண்ட் பில், மேல்வீட்டுக் கசிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் 18,000 ரூபாய் வாடகையில் மூன்று வருடம் இருந்தோம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். சித்திரையில் காலி செய்தோம், ஆடி வந்துவிட்டது. பெயின்டுக்கு 60,000 பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்று போட்டோம், அதையும் புதுப்பிக்கவில்லை. – அழகாபுரம் வாசகி

உங்கள் பணம் உங்களுக்கு வர வேண்டியதுதான். ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடிப்பது ஊர் வழக்கம், சட்டம் அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவைதான் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாவிட்டால், ஆணி அடித்த ஓட்டைக்கும் குழந்தை கிறுக்கிய சுவருக்கும் மட்டும் பில்லோடு கேட்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் மங்கிய பெயின்டுக்கு நீங்கள் காசு தர வேண்டாம்.

இந்தப் பதினொரு மாத ஒப்பந்தம் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. பதினொரு மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குப் பொருந்தும் கணக்கு. வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவு வழியாக உங்கள் பணம் போய்விடும். கையெழுத்துக்கு முன்னால்தான் பேரம் பேச முடியும்.

இப்போது செய்ய வேண்டியது: சாவி கொடுத்த தேதி, அட்வான்ஸ் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், காலி செய்த அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்ற சட்ட விதியை அதில் குறிப்பிடுங்கள். அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட். பணம் மீட்கும் வழக்குக்கு மூன்று வருட வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நெட்டில் பார்த்த வீட்டுக்கு, 'ராணுவத்தில் இருக்கிறேன், கேட் பாஸ் போட வேண்டும்' என்றவருக்கு 15,000 அனுப்பினேன். இப்போது போனை எடுக்கவில்லை. – சூரமங்கலம்

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பினீர்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இப்போதே போன் செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் கிடைக்கும்.

மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து எங்கள் சீலிங்கில் நீர் சொட்டுகிறது. அவர்கள் 'எங்கள் வீட்டில் லீக் இல்லை' என்று சாதிக்கிறார்கள். – ஹஸ்தம்பட்டி

சண்டையை நிறுத்திவிட்டுச் சோதனை செய்யுங்கள். மூன்று சோதனை, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இரண்டு நாள் காய விட வேண்டும்.

முதலில், மேல்வீட்டு பாத்ரூமை ஒரு நாள் யாரும் பயன்படுத்தாமல், ஆனால் அதற்கு வரும் வால்வைத் திறந்தே வையுங்கள். அப்போதும் சொட்டினால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கோளாறு. வால்வை மூடியதும் சொட்டு குறைந்தால் அது உறுதி. குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரை அல்லது கழிவுக் குழாய். இரண்டாவது, நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வடியும் ஓட்டை) ஈரத்துணி சுற்றிய மணல் பையால் அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கி உங்கள் சீலிங் நனைந்தால் டைல்ஸ் இடைவெளி வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இதில் நனையாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீரை விட்ட பிறகு நனைந்தால் ட்ராப் இணைப்பு. மூன்றாவது, ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் கலந்து பல முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கீழே நீலம் தெரிந்தால் இனி மறுக்க வழியில்லை.

டைல்ஸ் இடைவெளி என்றால் பழைய பூச்சைச் சுரண்டி எபாக்ஸி அடைத்தால் பெரும்பாலும் போதும். ட்ராப் என்றால் அதைச் சுற்றி மட்டும் உடைக்க வேண்டும். தரை முழுவதும் பெயர்க்கச் சொல்லும் மேஸ்திரியிடம் எந்தச் சோதனையில் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். உங்கள் சீலிங்கில் கீழிருந்து வாட்டர் ப்ரூஃப் பூசுவது வீண். அந்தப் பூச்சை நானும் இரண்டு டப்பா வாங்கியிருக்கிறேன், ஈரம் மேலிருந்து தள்ள, தோலாக உரிந்து விழுந்தது. கசிவை நிறுத்தி, சில வாரம் காய விட்ட பிறகே பட்டி, பெயின்ட். கான்கிரீட் உப்பிக் கம்பி துரு தெரிந்தால் அதற்கடியில் படுக்காதீர்கள். அது வீட்டு உரிமையாளர் செய்து தர வேண்டிய வேலை.

பார்க்கிங் தருவதாகச் சொன்னார்கள். இப்போது கீழ்வீட்டுக்காரர் அங்கே வண்டி நிறுத்துகிறார். – ஜங்ஷன்

இட எண்ணோடு ஒப்பந்தத்தில் எழுதாத பார்க்கிங் உங்களுடையது அல்ல.

மாடியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இரவு பதினொன்று வரை தட்டல், கேஸ் நெருப்பு, ஆசிட் நெடி. – செவ்வாய்ப்பேட்டை

கொலுசு இந்த ஊரின் சோறு, அதனால் முதலில் பேசிப் பாருங்கள். தட்டும் மேடைக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட், இரவு பத்துக்கு மேல் வேலை இல்லை என்ற இரண்டைக் கேளுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. கேட்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். சத்தத்தைவிட எனக்குக் கவலை கேஸ்தான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டு மின் இணைப்பில் பட்டறை ஓட்டுவதும் குற்றம். சிலிண்டர் படத்தோடு மாநகராட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் தனித்தனி மனு கொடுங்கள், ஆசிட் நெடிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட், 2,400 ரூபாய். நியாயமா? – கன்னங்குறிச்சி

இல்லை. தனி இணைப்பில் 240 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், மீதிக்கு 500 ரூபாய்கூட ஆகாது. ஒரே இணைப்பில் இரண்டு வீடு ஓடினால் இரண்டாவது வீட்டின் இலவச 100 யூனிட் போய்விடும். மொத்தம் 500 தாண்டினால் குறைந்த கட்டணப் படியும் போய்விடும். அந்த நஷ்டத்தையும் உங்கள் தலையில் ஏற்றுகிறார். மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள், அது இருந்தால் மின் வாரிய இணையதளத்தில் பில்லை நீங்களே பார்க்கலாம். உண்மையான பில்லை யூனிட் விகிதத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். தனி இணைப்பு வாங்கித் தருவதுதான் நிரந்தர வழி. கோபத்தில் அவர் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால் அது சட்டவிரோதம், வாடகை அதிகாரியிடம் போங்கள்.

மாத வாடகை இல்லாமல், மொத்தமாக 6 லட்சம் கொடுத்து வைக்கும் போக்கியத்துக்கு வீடு கிடைக்கிறது. அசல் பத்திரம் பாங்கில் இருக்கிறதாம். – அம்மாப்பேட்டை

கொடுக்காதீர்கள். பத்திரம் பாங்கில் என்றால் கடன் இருக்கிறது. தவணை நின்றால் பாங்க் வீட்டை எடுக்கும், பதியாத போக்கியத் தாளை அது மதிக்காது. முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், கடன் அடைந்த ரசீது கேளுங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய ஒத்துக்கொண்டால் மட்டும் மேலே பேசுங்கள்.

வேலை மாற்றலில் ஏற்காடு போகிறோம். பங்குனியில் வீடு பார்க்கிறோம், புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

மலைப்பக்க மண்ணை ஒட்டிய சுவரை. வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத் தெரியும். அலமாரிக்குப் பின்னால், தரையை ஒட்டி, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். ஓரடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் சுவர்ப் பக்கம் நீர் பூத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வாடகையைக் குறைத்தாலும் வேண்டாம். அறைப் பக்கம் மட்டும் நனைந்தால் பனிக்காற்றின் ஈரம், ஜன்னல் திறந்தால் சரியாகும். பக்கத்து வீட்டில், ஐப்பசியில் துணிமணியை எந்த அறையில் வைக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.