நேர்ந்துகொண்டு வந்தவர் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

காவிரிக்கரை ஊர்களைப் பற்றி எழுதியபோது குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் ஆசிரமத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கரூர்க்காரன், கத்தோலிக்கக் குடும்பம். திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை. "அது நம்ம கோவில் இல்ல சாமி, அங்கெல்லாம் போவாத" என்பார் என் அப்பாயி. சின்ன வயதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்தபோது வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டவர் அவர். என்னோடு வேலை பார்க்கும் நண்பரோ, "காவி கட்டிக்கிட்டு ஆள் பிடிக்க வந்த வெள்ளைக்காரச் சாமியார்ங்க கட்டினதுதானே அது?" என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மதங்களுக்கு இடையே உரையாடல் என்கிறார்களே, அதில் உண்மையிலேயே ஏதாவது நடந்ததா?

அன்புடன்,
ஆ., கரூர்

அன்புள்ள ஆ.,

அந்த ஒரு வரி எழுதிய நாளிலிருந்தே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இடத்தைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை. சாந்திவனம் என்றால் பலருக்கும் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் நினைவுக்கு வருவார். நான் சொல்ல நினைப்பது அவருக்கு முன்னால் அதே மாந்தோப்பில் ஏழு வருடம் இருந்து, கணக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போய்ச்சேர்ந்த இன்னொருவரைப் பற்றி.

ஜூல் மோன்ஷானன். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஃப்ளரி என்ற ஊரில் 1895-ல் பிறந்தவர். 1922-ல் குருப்பட்டம் பெற்றார். பெரிய படிப்பாளி. இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இறையியலாளர்களில் ஒருவரான ஆன்ரி தெ லுபாக் இவருடைய நண்பர், இவரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆனால் மோன்ஷானன் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் பங்குக்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தைப் பங்கு என்பார்கள்) அனுப்பும்படி ஆயரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

1932-ல் கடும் நோயில் சாவின் விளிம்புக்குப் போனார். பிழைத்தெழுந்தால் மிச்ச வாழ்நாளை இந்தியாவுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நேர்ந்துகொண்டார். ஏழு வருடம் கழித்து, 1939-ல், அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தக் கப்பலேறினார். அப்போது வயது நாற்பத்து நான்கு. ஆஸ்துமா வேறு.

வந்தவர் நேராக ஆசிரமம் தொடங்கவில்லை என்பதை உங்கள் நண்பரிடம் முதலில் சொல்லுங்கள். திருச்சி மறைமாவட்டத்தில் சேர்ந்து, பத்து வருடத்துக்குமேல் கிராமப் பங்குகளில் சாதாரணப் பங்குச்சாமியாராக வேலை பார்த்தார். குளித்தலையும் அதில் ஒன்று. பூசை வைப்பது, மந்திரிப்பது, சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுவது, பஞ்சத்தில் கையேந்தி வருபவர்களுக்கு இருப்பதைக் கொடுப்பது என்று நாட்கள் போயின. கிரேக்கத் தத்துவமும் சமஸ்கிருதமும் படித்த ஒருவர் மண் வீட்டில் உட்கார்ந்து நாற்பது வயதுக்குமேல் தமிழ் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய உரையாடல் அங்கேதான் தொடங்கியது. பிந்தைய ஏழு வருடத்தைவிட இந்தப் பத்து வருடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1947-ல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலிருந்து ஆன்ரி லெ சோ என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி திருச்சி ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் இந்திய முறையில் துறவு வாழ்க்கை வாழ இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கடிதம் பிரெஞ்சில் இருந்ததால் ஆயர் அதை மோன்ஷானனிடம் கொடுத்தார். வருடக்கணக்காக ஒருவர் தனியாகக் கண்ட கனவை, முகம் தெரியாத இன்னொருவர் கடல் தாண்டி எழுதி அனுப்பியிருக்கிறார்! லெ சோ 1948-ல் வந்துசேர்ந்தார். அடுத்த வருடத் தொடக்கத்தில் இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்த்தார்கள். 1950 மார்ச் 21 அன்று தண்ணீர்பள்ளி மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமம், அதாவது சாந்திவனம், தொடங்கியது. மூன்றே வாரத்தில் ரமணர் மறைந்தார்.

சச்சிதானந்தம் என்ற பெயரை இவர்கள் சும்மா எடுத்து ஒட்டவில்லை. சத், சித், ஆனந்தம் என்ற மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளோடு வைத்து தியானிக்கும் வழியை அவர்களுக்கு முன்பே ஒரு வங்காளிக் கத்தோலிக்கர், பிரம்மபாந்தவ் உபாத்யாய், தொடங்கிவைத்திருந்தார். அவர் 1898-ல் இயற்றிய 'வந்தே சச்சிதானந்தம்' துதி சாந்திவனத்தில் பாடப்படுகிறது. லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். மோன்ஷானன் வைத்துக்கொண்ட பெயர் பரம அரூபி ஆனந்தம். உருவமில்லாத பரிசுத்த ஆவியின் மேல் அவருக்கு இருந்த பக்தியால் வந்த பெயர் அது. தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர் 'அரூபி' என்ற சொல்லைத் தனக்கென்று தேர்ந்துகொண்டதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இனி அந்தக் காவி. உங்கள் நண்பரின் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இவர்கள் கிறிஸ்தவர்களாகத்தான் வந்தார்கள். இந்தியாவின் தவ மரபு ஒருநாள் கிறிஸ்துவில் நிறைவடையும் என்று நம்பினார்கள். 1951-ல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. ஒரு இந்து அதைப் படித்து வருத்தப்பட்டால் அந்த வருத்தம் நியாயமானதுதான். 1980-களில் ஆசிரமத்தின் ஓம் பொறித்த சிலுவையைக் காட்டி இந்துத் தரப்பிலிருந்து கடுமையான கண்டனம் எழுந்தது. அப்போது பொறுப்பில் இருந்த பீட் கிரிஃபித்ஸ் கடிதங்களில் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி இன்னும் தீர்ந்துவிடவில்லை.

ஆனால் ஆள் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், அவர்களைப்போல் தோற்றவர்கள் யாருமில்லை. சிலர் வந்து பார்த்தார்கள், ஒருவரும் நிலைக்கவில்லை. ஒரு சீடன்கூட இல்லாமல் 1957-ல் மோன்ஷானன் நோய் முற்றி, சிகிச்சைக்காகப் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டார். அக்டோபர் 10 அன்று அங்கேயே இறந்தார். மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபரில். அவர் கண்மூடி எட்டு வருடம் கழித்து.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தோப்பில் இருந்த அந்த இருவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. லெ சோ அருணாசலத்தின் குகைகளில் போய் இருந்தார், பிறகு திருக்கோவிலூர் ஞானானந்தரைக் குருவாகக் கண்டார். அத்வைத அனுபவம் அவரை அடியோடு இழுத்துக்கொண்டது. மோன்ஷானனால் அந்த ஆற்றில் இறங்க முடியவில்லை. அத்வைதம் சொல்லும் ஒன்றும், அன்பினால் மூவராக இருக்கும் ஒன்றும் ஒன்றல்ல என்றுதான் அவருக்கு நாளாக நாளாக உறுதிப்பட்டது. ஆசிரமத்துக்குப் பெயர் வைத்தபோது இருந்த நம்பிக்கை கடைசி வருடங்களில் அவருக்கு இல்லை. இதற்காக அவரை மனம் குறுகியவர் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எல்லா நதியும் ஒரே கடலுக்கு என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போவது எளிது. பதினெட்டு வருடம் இன்னொருவருடைய சாஸ்திரத்தைப் பயபக்தியோடு படித்து, 'இந்த இடத்தில் நாம் வேறு' என்று கண்டு, அதற்குப் பிறகும் காவியைக் கழற்றாமல், ஊருக்குத் திரும்பாமல் அந்த மண்ணிலேயே இருப்பது வேறு. நான் உரையாடல் என்று சொல்வது இதைத்தான்.

லெ சோ 1968-ல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1973-ல் இந்தூரில் மறைந்தார். அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தால், சிலுவைக்கும் அருணாசலத்துக்கும் நடுவே அவர் பட்ட பாடு தெரியும். அவர் கிளம்பிய அதே வருடம் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் இரண்டு துறவிகளோடு வந்து ஆசிரமத்தை எடுத்துக்கொண்டார். 1993-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். உலகம் தண்ணீர்பள்ளிக்கு வந்தது அந்த இருபத்தைந்து வருடங்களில்தான். அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் கூட்டிச்சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. மோன்ஷானன் இறந்த 1957-ல்தான் கலைஞர் கருணாநிதி குளித்தலைத் தொகுதியிலிருந்து முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார். ஆசிரமத்தைச் சுற்றி இருந்த மக்கள் எந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தோப்புக்குள்ளே உபநிடதம், வெளியே திராவிட இயக்கம். ஆசிரம வழிபாட்டில் தேவார திருவாசகத்துக்கு இடம் உண்டு என்றாலும் அதன் தத்துவ மூச்சு சமஸ்கிருதம்தான். தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் பிற்பாடு கேட்டார்கள்: எந்த அடையாளங்கள் எங்களை ஊருக்கு வெளியே நிறுத்தினவோ, அவற்றையே கோவிலுக்குள் கொண்டுவந்து இந்தியமயம் என்கிறீர்களே? இதற்கு ஆசிரமத்திடம் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பத்து வருடம் ஏழைகளின் பங்குச்சாமியாராக இருந்தவரே இதைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் அப்பாயிக்கு வருகிறேன். குளித்தலைப் பக்கம் ஒரு சொலவடை உண்டு: 'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்.' குளித்தலை கடம்பவனேசுவரர், ஐயர்மலை இரத்தினகிரீசுவரர், அக்கரையில் ஈங்கோய்மலை, மூன்றையும் ஒரே நாளில் கும்பிடுவார்கள். சாந்திவனத்திலும் நாளுக்கு மூன்று வழிபாடு. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. இதை அதோடு யாராவது சேர்த்துப் பார்த்தார்களா தெரியாது, எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

நான் போனது ஒரு மாலை வழிபாட்டுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கருவறை நம் கோவில்களைப்போலவே இருட்டு, நடுவே விளக்கு. உபநிடத வரி ஒன்று, திருவாசகத்தில் கொஞ்சம், பிறகு பைபிளிலிருந்து ஒரு திருப்பாடல். ஆரத்தி காட்டி முடித்து விபூதித் தட்டு சுற்றிவந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க அம்மா, கையில் ஜெபமாலை. தட்டு அவரிடம் வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ பழகிய குனிவு அது. வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது: விபூதிப் புதன். வருடத்துக்கு ஒருமுறை, தபசுகாலம் தொடங்கும் அன்று, சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி "மண்ணுக்கே திரும்புவாய்" என்று சொல்லும்போது குனியும் அதே குனிவு.

உங்கள் அப்பாயியும் அந்த நாளில் விபூதி பூசிக்கொள்பவர்தான். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் காவி கட்டாதவர்கள் எத்தனை பேர் என்று அவரையே கேளுங்கள். சண்டைக்காகக் கேட்காதீர்கள். மோன்ஷானன் கதையைச் சொல்லுங்கள். உடம்பு தேறினால் வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு, தேறியதும் வீட்டை விட்டு வந்து, குளித்தலைப் பக்கம் பூசை வைத்துக்கொண்டு கிடந்த ஒரு சாமியார் என்று சொல்லுங்கள். உங்களை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போன கால்கள் அப்பாயியுடையவை. பஸ்ஸில் போகும்போது தண்ணீர்பள்ளியில் அவரே இறங்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். போவதென்றால் சாயங்காலமாகப் போங்கள், விபூதி கொடுக்கும் நேரத்துக்கு.

அன்புடன்.