ஆலன் பேஜ்: கேள்வியும் பதிலும்

அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) வீரர் ஆலன் பேஜ் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. களத்தில் அவர் வேலைதான் என்ன?

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். அந்த அரணின் நடுவே புகுந்து அவரைச் சாய்ப்பது டிஃபென்சிவ் டேக்கிளின் வேலை. 1967 முதல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக பேஜ் இதைத்தான் செய்தார். பந்து அசைந்த கணத்தில் பாய்ந்துவிடுவார், அந்த வேகம்தான் அவர் பலம். 1971இல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

கே: அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவர் பெயரில் சாக் எதுவும் இல்லையே?

குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதற்குப் பெயர் சாக். லீக் அதை முறைப்படி எண்ணத் தொடங்கியது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981இல். பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டி ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு 148.5.

கே: நான்கு சூப்பர் பவுலிலும் (லீகின் இறுதிப் போட்டி) தோற்றவரைப் பெரிய வீரர் என்கிறீர்களே?

ஆமாம், என்கிறேன். தோற்றது அணி.

கே: 1978இல் வைக்கிங்ஸ் அவரை ஏன் விலக்கியது? சங்க வேலை செய்ததாலா?

அவர் வீரர்கள் சங்கத்தின் பிரதிநிதி, நிர்வாகத்துடன் உரசல் இருந்தது உண்மை. ஆனால் வெளியே சொல்லப்பட்ட காரணம் எடை. புகைப்பதை விடுவதற்காக அவர் மனைவி டயேன் ஓடத் தொடங்கினார். கூடவே ஓடிய பேஜ், நெடுந்தூர ஓட்டக்காரராகவே மாறிவிட்டார். உடல் இளைத்தது. இந்த எடையில் அவரால் அந்த இடத்தில் ஆட முடியாது என்றது பயிற்சியாளர் பட் கிராண்ட் தரப்பு. ஆட்டப் பருவத்தின் நடுவில் விலக்கினார்கள். சிகாகோ பேர்ஸ் அணி வெறும் 100 டாலர் கட்டணம் கட்டி எடுத்துக்கொண்டது.

கே (அதே நண்பர்): பயிற்சியாளர் சொன்னது சரிதானே? 33 வயது, எடையும் இல்லை. உணர்ச்சிவசப்படுகிறீர்கள்.

சரி, கணக்கையே பார்ப்போம். சிகாகோவில் 58 ஆட்டங்கள், ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. அங்கே மட்டும் சுமார் 40 சாக். 1979இல் ஒரு மாரத்தானையும் ஓடி முடித்தார்; ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் என்.எஃப்.எல். வீரர் அவர். முடியாதவர் செய்கிற காரியமா இது?

கே (அதே நண்பர்): வைக்கிங்ஸின் இளம் வீரர்களுக்கு இடம் வேண்டாமா?

வேண்டும். அதற்கு "இனி இவரால் முடியாது" என்று சொல்லத் தேவையில்லை. 11 பருவம் உழைத்தவரை லீக் ஒரே நாளில் அனுப்பிவிடும் என்பதுதான் இதில் நான் பார்ப்பது. பேஜ் அதற்குத் தயாராக இருந்தார்: அதே 1978இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டத்தையும் முடித்திருந்தார்.

கே: சாக் எண்ணிக்கை எங்கே பார்ப்பது?

மேலே சொல்லிவிட்டேன்.

கே: புகழை வைத்துத்தானே நீதிபதியானார்?

இல்லை. 1985இலிருந்து மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தில் வேலை பார்த்தார். மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992இல் அவர் போட்டியிட நினைத்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்தார், தேர்தலே இல்லாமல் போகும் நிலை. பேஜ் வழக்குப் போட்டார். அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளே சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மாற்று அமர்வு விசாரித்து, தேர்தல் நடத்த வேண்டும் என்றது. பேஜ் வென்றார். மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயதில் கட்டாய ஓய்வு வரும் வரை, 2015 வரை, இருந்தார். இதைச் சட்டம் தெரியாமல் செய்ய முடியாது.

கே: அக்கா மகன் டெக்சாஸில் பள்ளி அணியில் ஆடுகிறான். பேஜ் மாதிரி வரலாம் அல்லவா?

பேஜ் ஒருவரை வைத்து எல்லாரையும் கணிக்காதீர்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டரும் அதே காலத்தவர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர். நினைவு சிதறி, வீடில்லாமல் அலைந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டதால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோயை அதில் கண்டார். பையன் ஆடட்டும். தலையில் அடிபட்டால் அன்றே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். படிப்பையும் விட வேண்டாம்.

கே: அவர் சாக்...

148.5. அதிகாரப்பூர்வமற்றது. இதற்கு மேல் இந்தக் கேள்வியை எடுக்கப்போவதில்லை.

கே: ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கூடம்) யார் அவரை அறிமுகப்படுத்தினார்?

நல்ல கேள்வி. 1988இல் வழக்கப்படி ஒரு பயிற்சியாளரையோ சக வீரரையோ அவர் கூப்பிடவில்லை, மினியாபோலிஸ் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வில்லரீன் பீஸ்லியைக் கூப்பிட்டார். பேச்சும் படிப்பைப் பற்றித்தான். பேஜ் பிறந்த ஊர் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன். அந்த ஹால் ஆஃப் ஃபேமும் அங்கேதான் இருக்கிறது, அதன் கட்டுமானப் பணியில் இளைஞராக வேலையும் பார்த்திருக்கிறார். அதே 1988இல் கல்வி அறக்கட்டளை தொடங்கினார். உதவித்தொகை பெறுகிற மாணவர்கள் சின்னக் குழந்தைகளுக்குப் படிப்பில் துணை நிற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

கே: இந்த வாரம் வைக்கிங்ஸ் ஜெயிக்குமா?

பந்தயம் கட்டுவதற்கான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.