முத்தம் ஏன் கொடுக்கிறோம்? சுட்டிகளின் கேள்விகளும் பதில்களும்

அம்மா ஏன் அடிக்கடி முத்தம் கொடுக்கிறார்?

'உன்னை ரொம்பப் பிடிக்கும்' என்று வாய் திறக்காமலே சொல்வதற்குத்தான். விரல் நுனியால் முதலில் முழங்கையைத் தொட்டுப் பார், பிறகு உதட்டைத் தொடு. உதட்டில் லேசாகப் பட்டாலே கூசும். அங்கே தோல் மிக மெல்லியது. தொடுவதை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. (உதடு சிவப்பாகத் தெரிவதும் தோல் மெல்லியதாக இருப்பதால்தான். அடியில் ஓடும் இரத்தத்தின் நிறம் அது.) பிடித்தவர்கள் அணைத்து முத்தமிடும்போது உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், மனம் அமைதியாகும். விழுந்து அழும்போது அம்மா முத்தமிட்டால் அழுகை அடங்குவது அதனால்தான். காயத்தை மட்டும் சோப்புத் தண்ணீரால் கழுவியே ஆக வேண்டும்!

எல்லா ஊரிலும் முத்தம் உண்டா?

காதலர்கள் உதட்டில் முத்தமிடும் வழக்கம் எல்லா ஊரிலும் இல்லை. 168 பண்பாடுகளைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், பாதிக்கும் குறைவானவற்றில்தான் அது இருந்தது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் ஒட்டி வரவேற்பார்கள். அதன் பெயர் ஹொங்கி. நம் பாட்டிமார் உச்சி முகர்வார்கள். பிள்ளைத்தமிழில் 5ஆம் பருவமே முத்தப் பருவம்தான்: 'முத்தம் தா' என்று பெரியவர்கள் குழந்தையிடம் கெஞ்சும் பாடல்கள்.

விலங்குகள் முத்தமிடுமா?

சிம்பன்சிகள் சண்டை போட்டுச் சமாதானம் ஆகும்போது முத்தமிடும்.

தம்பி பிறந்து 10 நாள். முத்தம் கொடுக்கலாமா?

கொஞ்ச நாள் பொறு. பிறந்த குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவு. முகம், வாய் வேண்டாம். கையிலும் வேண்டாம், பாப்பா அதை வாயில் வைத்துக்கொள்ளும். 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பாதத்தை வருடிக் கொடு. சளி, காய்ச்சல் இருந்தால் கிட்டேயே போகாதே. பெரியவர்களுக்கு ஒன்று: உதட்டோரம் கொப்புளம் இருந்தால் அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம். பச்சிளங்குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

மாமா முத்தம் கேட்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 'வேண்டாம் மாமா' என்று சொல்லி வணக்கம் வை, கை குலுக்கு. அது மரியாதைக் குறைவே இல்லை. பெற்றோரே, 'கொடுடா, மாமாதானே' என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். பிடிக்காத தொடுகையைச் சகித்துக்கொள்ளப் பிள்ளை பழகிவிடும். யாராவது முத்தமிட்டுவிட்டு 'யாரிடமும் சொல்லாதே' என்றால், அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல். இந்தியாவில் 1098க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.