லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறையாதா?

லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் பாசிட்டிவ், ஏபிடிடி (லேபில் ரத்தம் உறைய எடுக்கும்) நேரமும் கூடியிருக்கிறது, அப்படியானால் எனக்கு ரத்தம் உறையாது என்றுதானே அர்த்தம், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறையாது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நேர்மாறு. லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு ஆன்டிபாடி, அதாவது உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். இதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவள் நான்.

மொரிஷியஸில், காத்ர் போர்னில் இருக்கிறேன். 34 வயதில் இடது கால் வீங்கியது. வலி பெரிதாக இல்லை, செருப்பு வார் மட்டும் அந்தக் காலுக்கு எட்டவில்லை, இரண்டு துளை தள்ளி மாட்ட வேண்டியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் தசைப்பிடிப்பு என்று தைலம் எழுதிக் கொடுத்தார். நான்காவது நாள் ஸ்கேனில் தொடை வரைக்கும் ரத்தக்கட்டி. அப்போது ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு அது ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் எடுத்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழப்பமெல்லாம் அந்தப் பெயரால்தான், ஆன்டிகோவாகுலன்ட் என்றால் உறைவதைத் தடுப்பது என்று அர்த்தம். லேபில் ரத்தம் உறைய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைச் சேர்ப்பார்கள், இந்த ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்வதால் குழாயில் உறைவது தாமதமாகிறது. உடம்புக்குள் அதே ஆன்டிபாடி ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டுக் கட்டி உண்டாக்குகிறது. லூபஸ் என்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய் உள்ளவர்களிடம் முதலில் கண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அதனால் உங்களுக்கு லூபஸ் என்று ஆகிவிடாது. இதனால் கட்டி வருவதையும் கரு கலைவதையும் சேர்த்து ஒரே நோயாக 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்தார்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல், தொற்று வந்தாலும் இது கொஞ்ச நாள் தலைகாட்டிப் போகும், அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கூடவே ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடிகளையும் பார்க்கச் சொல்லுங்கள், மூன்றும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அப்படி மூன்றும் உள்ளவர்களுக்கு ரிவராக்ஸபான் என்ற, ரத்தக்கட்டியைத் தடுக்கும் புதிய மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்றில் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2018-இல் முடிவு வெளியானது. எனக்கும் மூன்றும் இருக்கிறது, அதனால் அதே வேலைக்கான பழைய மாத்திரை வார்ஃபரின்தான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அது நிற்பதில்தான் பாடு. கொடியேற்றத்திலிருந்து காவடி வரைக்கும் பத்து நாள் விரதம், எங்கள் வீட்டில் தினமும் முருங்கைக்கீரை, இங்கே ப்ரேட் முரூம் என்போம். விரதம் முடிந்து பார்த்தால் 2.5-இல் இருந்த ஐஎன்ஆர் 1.6-க்கு இறங்கியிருந்தது. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடு என்றார் டாக்டர். இப்போது விரதம் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லி, நடுவில் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஹியூஸ் விவரித்த இந்த நோய் உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், நிறையப் பேர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். ஒருவேளை உங்களுக்கும் அதை எழுதிக் கொடுத்தால், நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.