ஊசிவழி பரவும் ஹெபடைடிஸ் சி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

என் மகனுக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்து, ரத்தப் பரிசோதனை செய்தோம். ‘ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ஆனால் காமாலைகூட இல்லை, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். பிழைப்பானா டாக்டர்?
– ஒரு தாய், சென்னை

நிச்சயம் பிழைப்பான், அம்மா. இது முழுமையாகக் குணமாகும் நோய். உங்கள் கையில் இருப்பது ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனையின் முடிவு என்று நினைக்கிறேன். கிருமி எப்போதோ உடலுக்குள் வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். நூறு பேரில் சுமார் முப்பது பேருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே நீங்கிவிடுகிறது. அது இப்போதும் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் காட்டும். அடுத்து அதைச் செய்யுங்கள்.

காமாலை வராததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இந்த வைரஸ் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைத் தழும்பாக்கும். சிலருக்கு அது சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகும். 22 வயதிலேயே தெரிந்ததை நல்லதென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருமி இருந்தால், கல்லீரல் கெடாதவர்களுக்குப் பொதுவாக சோஃபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் மாத்திரைகளைத் தினமும் 12 வாரம் கொடுப்போம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரை குணமாகிறார்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன் சிகிச்சை மையங்களாக உள்ள அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். பி கிருமி உடலில் இருந்தால், சி ஒழியும்போது அது தலைதூக்கக்கூடும்.

நான் யாருடைய ஊசியையும் வாங்கிப் போட்டதில்லை. எப்போதும் என் சொந்த சிரிஞ்ச்தான். பிறகு எப்படி வந்தது?
– பெயர் வேண்டாம், மதுரை

தம்பி, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். சொந்த சிரிஞ்ச் வைத்திருந்த பலரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டாகப் போடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மாத்திரையைப் பொடித்து ஒரே மூடியில் கரைக்கிறீர்கள். வடிகட்ட ஒரே பஞ்சு. ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஒருவர் தன் சிரிஞ்சை அந்த மூடியில் விட்டு மீண்டும் உறிஞ்சுகிறார். கழுவுவதற்கும் எல்லோருக்கும் அதே டம்ளர் தண்ணீர். ஊசியும் குழலும் சேரும் இடத்தில் தங்கும் ரத்தம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கிருமி தொற்ற அது போதும். பகிர்ந்துகொண்டது ஊசியை அல்ல, மூடியையும் பஞ்சையும் தண்ணீரையும்.

இந்த வைரஸ் உடலுக்கு வெளியே எளிதில் சாகாது. ஆய்வகச் சோதனை ஒன்றில், சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. தண்ணீரில் அலசுவதை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்ச், தனி மூடி, தனிப் பஞ்சு, சுத்தமான தண்ணீர் வேண்டும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இயங்கும் தொண்டு அமைப்புகள் புது ஊசிகளை இலவசமாகத் தருகின்றன. 1097 என்ற எண்ணில் விசாரிக்கலாம். போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து பலர் அந்தப் பக்கமே போவதில்லை. தொற்றைத் தடுப்பதற்கான இத்தகைய சேவைகளுக்கு 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்பு தருகிறது.

“முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு மருந்து தருகிறேன்” என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். என்னால் இன்னும் விட முடியவில்லை.
– வாசகர், கோவை

இது தவறு. இதைப் படிக்கும் என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 12 வயதும் அதற்கு மேலும் ஆன நாள்பட்ட ஹெபடைடிஸ் சி நோயாளிகள் எல்லோருக்கும் சிகிச்சை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே சொல்லிவிட்டது. போதை ஊசி போடுபவர்களை அது விலக்கவில்லை. முந்தைய ஆறு மாதத்துக்குள் ஊசி போட்டவர்களுக்கு மட்டுமே மருந்து கொடுத்து நடத்திய பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 94 சதவீதம் பேர் குணமானார்கள். ‘இவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? ஒருவர் குணமானால், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் தொற்றும் நிற்கிறது. காத்திருக்க வைப்பதால் லாபம் கிருமிக்குத்தான்.

வேறொரு சிகிச்சை மையத்துக்குப் போங்கள். பழக்கத்துக்கான சிகிச்சையையும் கூடவே தொடங்கலாம். அதற்காகத் தரும், நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை ஹெபடைடிஸ் மருந்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபைன் போன்ற மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவை இந்த மாத்திரைகளின் வேலையைக் கெடுத்துவிடும்.

கணவருக்கு இந்த நோய். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? கைக்குழந்தைக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

வேண்டவே வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதாலும் குழந்தையைக் கொஞ்சுவதாலும் பரவாது. சவரக் கத்தி, நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். தம்பதிக்குள் தாம்பத்தியத்தால் பரவுவது அபூர்வம். ஆனாலும் நீங்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தொற்று இருந்தாலும், காம்பில் வெடிப்போ ரத்தமோ இல்லாதவரை தாய்ப்பால் கொடுக்கலாம்.

கீழாநெல்லி சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

சரியில்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி பற்றி வெளியிட்ட நம்பிக்கையூட்டும் முடிவு, ஹெபடைடிஸ் பி குறித்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் அதையும் உறுதிசெய்யவில்லை. சி கிருமியை ஒழிக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது மாதக்கணக்கில் காலத்தைக் கடத்தாதீர்கள். மதுவை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

போன வருடம் குணமாகிவிட்டது. நடுவில் ஓரிரு முறை சறுக்கிவிட்டேன். மறுபடி வருமா?
– வாசகர், சென்னை

வரலாம். ஒருமுறை குணமானது அடுத்த தொற்றைத் தடுக்காது, இதற்குத் தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆன்டிபாடி பரிசோதனை உங்களுக்கு இனி எப்போதும் பாசிட்டிவ் என்றே காட்டும் என்பதால் அதைச் செய்து பதற வேண்டாம். ஆர்.என்.ஏ. பரிசோதனையை இப்போது ஒருமுறையும், ஊசி தொடரும்வரை ஆண்டுக்கு ஒருமுறையாவதும் செய்துகொள்ளுங்கள். கிருமி மீண்டும் தெரிந்தால் மறுபடியும் சிகிச்சை உண்டு. கூச்சப்பட்டு மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.