40 ஹெச்பி போட்டும் வள்ளம் ஏன் ஓடவில்லை?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கடியபட்டணத்திலிருந்து எழுதுகிறேன். 24 அடி ஃபைபர் வள்ளம். 25 ஹெச்பி அவுட்போர்டை மாற்றிவிட்டு 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் போட்டிருக்கிறேன். வள்ளம், ஆள் மூன்று பேர், வலை, எண்ணெய் எல்லாம் சேர்த்து சுமார் 1000 கிலோ. அந்த எடைக்குப் பழைய எஞ்சினில் 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) ஓடியது. புதியதில் 16 நாட்தான். மீனும் ஐஸுமாக 400 கிலோ ஏறினால் 12க்கு விழுந்துவிடுகிறது. எஞ்சின் சுற்றை அளக்கிற மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். பாரம் இல்லாமல் 4600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4600 சுற்று), பாரத்தோடு 4200. எஞ்சினோடு வந்த புரொப்பல்லரில் 11 1/8 × 13 என்று அடித்திருக்கிறது; முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் இஞ்சில். கியர் 13:26, முழு வேகத்தில் 4500 முதல் 5500 ஆர்பிஎம் வரை என்று கையேட்டில் உள்ளது. 22 நாட் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இன்னும் பிட்ச் கூடிய புரொப்பல்லர் போட்டால் வேகம் வருமா?

பதில்: வராது. பிட்சைக் கூட்டாதீர்கள், குறைக்க வேண்டும். எஞ்சின் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் எழுதிய ஆர்பிஎம் கணக்கே காட்டுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்து எழுதினீர்களே, அதுதான் பாதி வேலை.

முதலில் அந்த 22 நாட்டைப் பற்றிப் பேசிவிடலாம். 25லிருந்து 40க்குப் போனால் வேகமும் அதே கணக்கில் ஏறும் என்றுதான் நம் கரையில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஏறாது. தண்ணீர்மேல் எழும்பி ஓடுகிற வள்ளத்தின் வேகம், ஹெச்பியை எடையால் வகுத்து வருவதன் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். 40ஐ 25ஆல் வகுத்தால் 1.6. அதன் வர்க்கமூலம் சுமார் 1.26. ஆக, 14 நாட் ஓடிய வள்ளம் 17.7 ஓட வேண்டும். புதிய எஞ்சின் 20, 25 கிலோ கூடுதல் எடை இருக்கும். அதைக் கழித்தால் 17.5. உங்கள் வள்ளத்துக்கு இதுதான் உச்சம். 400 கிலோ ஏற்றிய பிறகு இதே கணக்கில் 15 நாட் வரும்.

வேகக் கணக்குக்கு ஊர்ப்பட்ட சூத்திரங்கள் இருக்கின்றன. வள்ளத்தின் அடிப்பாகத்துக்கு ஏற்ப ஏதோ ஓர் எண்ணை ஊகித்துப் போடச் சொல்லும். உங்களுக்கு அந்த ஊகமே வேண்டாம். பழைய எஞ்சினில் ஓடிய 14 நாட், உங்கள் வள்ளத்தின் அடிப்பாகம் எப்படிப்பட்டது என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றப் போகிற யாரானாலும் பழையதைக் கழற்றுவதற்கு முன் ஒரு நாள் ஜிபிஎஸ் வைத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எஞ்சினில் வள்ளம் எழும்பவே இல்லை, ஏழெட்டு நாட்டில் தண்ணீரை உழுதுகொண்டுதான் போனது என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, உங்களுக்கு வர வேண்டியது 17.5, வருவது 16. பாரத்தோடு வர வேண்டியது 15, வருவது 12. இந்த இடைவெளி எங்கே போனது?

13 என்பது பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவது மாதிரி, ஒரு சுற்றுக்கு 13 இஞ்ச் முன்னால் போக வேண்டிய புரொப்பல்லர் அது. தண்ணீர் மரம் அல்ல, அதனால் கொஞ்சம் நழுவும். எவ்வளவு நழுவுகிறது என்று பார்க்க, ஆர்பிஎம்மைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 1215ஆல் வகுங்கள்; நழுவலே இல்லாத வேகம் நாட்டில் கிடைக்கும். உங்கள் கியர் 13:26, அதாவது விகிதம் 2. எனவே 4600ஐ 2ஆல் வகுக்க 2300, அதை 13ஆல் பெருக்க 29,900, அதை 1215ஆல் வகுக்க 24.6 நாட். ஓடியது 16 என்றால் 35 சதவீதம் நழுவல். பாரத்தோடு பார்த்தால் 22.5க்கு 12, கிட்டத்தட்ட 47 சதவீதம். எழும்பி ஓடுகிற வள்ளத்துக்குப் பாரம் குறைவாக இருந்தால் 15 முதல் 20 வரை, நல்ல பாரத்தில் 30க்குள் இருந்தால் சரி. 47 என்பது எஞ்சினையும் எண்ணெயையும் சேர்த்துத் தின்கிற எண்.

4200 ஆர்பிஎம்மில் முழுத் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்து நெடுநேரம் ஓட்டுவது டூ ஸ்ட்ரோக்குக்குப் பெரிய கேடு. ஐந்தாம் கியரில் மேடு ஏற்றுகிற பைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடும், கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். 40 ஹெச்பி என்பது மேல் ஆர்பிஎம்மில் கிடைக்கிற பலம். அங்கே ஏறாத எஞ்சினில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஹெச்பி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பிட்ச் ஒரு இஞ்ச் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். 11 இஞ்ச் போட்டால் பாரம் இல்லாமல் 5000 பக்கம் வரும், பாரத்தோடு 4600. 10 இஞ்ச் என்றால் 5200ம் 4800ம். நான் 10ஐத்தான் சொல்வேன். அது 5200இல் சுற்றினால் நழுவலில்லா வேகம் 21.4, அதில் 18 சதவீதம் கழித்தால் அதே 17.5 நாட். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள், இப்படி நின்றால்தான் புரொப்பல்லர் வள்ளத்துக்குப் பொருந்தும் என்று அர்த்தம்.

10ஐச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. பிட்ச் குறைந்த புரொப்பல்லர் த்ராட்டில் கொடுத்ததும் வள்ளத்தைத் தள்ளும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலையில் மாட்டி எத்தனை உயிர் போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் அலை எழுந்து வரும்போது உச்ச வேகம் உதவாது; அந்த நாலு நொடியில் வள்ளம் எழும்பிப் பாய்கிறதா என்பதுதான் கேள்வி. மீன் பாரத்தோடு, 13 இஞ்சோடு, ஆனி ஆடிக் கடலில் நீங்கள் கரை பிடிப்பதை நினைக்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. சீக்கிரம் மாற்றுங்கள்.

ஆனால் கடைக்குப் போகும் முன் சிலதைப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் உயரம் முதலில். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஒரு இஞ்ச் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். மிகவும் கீழே இருந்தால் தண்ணீர் இழுக்கும். அப்புறம் எஞ்சினின் சாய்வை நிறுத்துகிற சாய்வுக் கம்பி. அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) வானத்தைப் பார்த்து ஓடினால் எஞ்சினை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். மூக்கு குத்தினால் ஒரு ஓட்டை வெளியே. காசில்லாமல் ஒரு நாட் கிடைக்கலாம். திடீரென்று ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் விழுகிறது என்றால் பிட்சைக் குறை சொல்லாதீர்கள், ஹப்பில் (புரொப்பல்லரின் நடுப்பகுதி) இருக்கிற ரப்பர் புஷ் விட்டிருக்கும். 25க்குக் கட்டின பின்பலகை 40ன் உதைப்பைத் தாங்குமா என்பதையும் ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்; போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு கண்டால் முதல் செலவு அங்கேதான்.

சோதனை ஓட்டம் விடியலில், காற்று எழும் முன். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம், நீரோட்டமும் அதில் சேர்ந்திருக்கும். அதனால் கரையோரமாக ஒரு மைல் கிழக்கே, அதே மைல் மேற்கே ஓடி இரண்டு வேகத்துக்கும் சராசரி எடுங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற எஞ்சின் என்றால் மண்ணெண்ணெயில்தான் சோதிக்க வேண்டும், பலம் அதில் குறையும்.

வாங்கும்போது அதே ஹப் எழுத்துள்ள மூன்று இலை அலுமினியம் கேளுங்கள். 10 இஞ்சில் விட்டம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது நல்லதுதான், பாரத்துக்குப் பிடி கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையாது, வேகமும் சற்றுக் கூடும். ஆனால் முட்டம், கடியபட்டணம் பக்கத்துப் பாறையில் ஒரு தட்டுத் தட்டினால் அலுமினிய இலை வளைந்து கியரைக் காப்பாற்றும். ஸ்டீல் அந்த அடியை உள்ளே அனுப்பிவிடும். மணலில் ஏற்றி இறக்கும்போது இலை முனை தேயும், அவ்வப்போது பாருங்கள்.

ஒரு கணக்கு கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். 12 கடல் மைலுக்கு 14 நாட்டில் 51 நிமிடம், 17.5 நாட்டில் 41. ஏலத்துக்கு முந்திப் போக அந்தப் பத்து நிமிடம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் முழுத் த்ராட்டிலில் எண்ணெய் ஹெச்பியை ஒட்டித்தான் செலவாகும் என்பதால், ஒவ்வொரு மைலுக்கும் கால் பங்குக்கு மேல் கூடுதலாக எரியும். போகும்போது அவசரம் இல்லையே, முக்கால் த்ராட்டில் போதும்.

10 போட்டபின் பாரம் இல்லாமல் 5500ஐத் தாண்டினால் 11க்கு மாறுங்கள். கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா என்று முன்பே பேசிவிடுவது நல்லது. கழற்றிய 13ஐ விற்க வேண்டாம். நட்டு, பின், ஸ்பானரோடு அணியத்துக்குள் கட்டிப் போடுங்கள். நடுக்கடலில் இலை உடைந்தால் மெதுவாகவாவது கரை சேர அது போதும்.