‘பரபரப்பு ஏற்பட்டது’ என்று எழுதாமல் ஒரு செய்தி: நீலகிரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கல்லூரி இதழ் நடத்தும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் உதவி ஆசிரியர்.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி ஆறையும் முதல் வாக்கியத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் படிக்கவே முடியவில்லை. என்ன செய்வது அக்கா? (குன்னூர்)

வைக்க வேண்டாம். ஆறுக்கும் முதல் மூன்று பத்திக்குள் பதில் வந்துவிட்டால் போதும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. முன்னால் எவ்வளவு அடைக்கிறீர்களோ, அவ்வளவு நேரம் என்ன நடந்தது என்றே தெரியாமல் வாசகர் காத்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய பயிற்சிச் செய்தி இப்படித் தொடங்குகிறது:

“நீலகிரி மாவட்டத்தில் கடந்த சில நாட்களாகப் பெய்து வரும் தொடர் மழை காரணமாக, குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் அருகே நேற்று அதிகாலை ராட்சத மரம் ஒன்று வேரோடு சாய்ந்து சாலையின் குறுக்கே விழுந்ததால், அவ்வழியே போக்குவரத்து சுமார் 3 மணி நேரம் பாதிக்கப்பட்டு வாகன ஓட்டிகள் கடும் அவதிக்கு உள்ளாகினர்.”

முப்பது சொல்லைத் தாண்டிவிட்டது. ‘தொடர் மழை காரணமாக’ வரையிலான பகுதியை ஜூலை மாதத்து எந்தச் செய்திக்கு முன்னாலும் ஒட்டலாம். அதாவது, அது இந்தச் செய்திக்கு உரியதே இல்லை. ‘ராட்சத’ என்றால் எவ்வளவு பெரியது? ‘சுமார் 3 மணி நேரம்’ எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? அவதிப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? திரும்பிப் போனார்களா, காத்துக் கிடந்தார்களா? இப்படி மாற்றுங்கள்:

“பர்லியார் அருகே நேற்று அதிகாலை மரம் விழுந்து, குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் 3 மணி நேரம் போக்குவரத்து நின்றது.

“4.40 மணிக்கு விழுந்த மரத்தைத் தீயணைப்பு வீரர்கள் 7.45 மணிக்கு வெட்டி அகற்றினர். மேட்டுப்பாளையத்தில் இருந்து வந்த வாகனங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடப்பட்டதாகப் போக்குவரத்துப் போலீஸார் தெரிவித்தனர்.”

மழை மூன்றாம் பத்திக்குப் போகட்டும். மழையால்தான் விழுந்தது என்று யாராவது பொறுப்பானவர் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். வேர் அழுகியும் மரம் விழும், சாலை அகலப்படுத்த மண்ணைச் சரித்ததாலும் விழும். அந்த மரத்தடியில் ஒருவர் இறந்திருந்தால் முதல் வாக்கியம் அவரைப் பற்றியதாகிவிடும், போக்குவரத்து கீழே இறங்கிவிடும். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துப் படியுங்கள். செய்தி நொண்டினால், முக்கியமான ஏதோ ஒன்று அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இடம் இல்லையென்றால் முதலில் போவது அந்தப் பத்திதான்.

‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்று எழுதலாமா? (ஊட்டி)

யார் கூறினார் என்று உங்களுக்கே தெரியாதபோதுதான் பெரும்பாலும் இந்தச் சொற்கள் வருகின்றன. தெரிந்தால் பதவியோடு எழுதுங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள். ‘தெரிவித்தார்’, ‘கூறினார்’, ‘என்றார்’ மூன்றும் பாதுகாப்பானவை. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் ஏதோ தப்பு செய்தவர் போல ஆகிவிடும். ‘மழுப்பினார்’ என்பது உங்கள் தீர்ப்பு. ‘பரபரப்பு ஏற்பட்டது’, ‘பெரும் சோகத்தை ஏற்படுத்தி உள்ளது’ இரண்டையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், செய்தியில் எதுவும் குறையாது.

யானை வந்தால் ‘அட்டகாசம்’ என்று போட்டால்தான் படிக்கிறார்கள் என்கிறான் நண்பன். (கூடலூர்)

நண்பனை ஒருமுறை சேதம் நடந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கேட்டு எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன. எத்தனை யானை? கொம்பனா, தந்தமில்லாத ஆணான மக்னாவா, குட்டியோடு வந்த கூட்டமா? எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது? எத்தனை வாழை சாய்ந்தது? உடைந்தது சமையலறைச் சுவரா, முன்வாசலா? (அரிசி, உப்பைத் தேடி வருவதால் சமையலறைப் பக்கம்தான் அதிகம் உடையும்.) வனத்துறைக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள்? இழப்பீட்டுக்கு மனு கொடுத்தாகிவிட்டதா? இத்தனையும் கிடைத்த பிறகு ‘அட்டகாசம்’ எழுத உங்களுக்கே தோன்றாது.

‘ஊருக்குள் புகுந்தது’ என்று எழுதும் முன்பும் நிதானம் வேண்டும். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடம் குறித்து 2010-ல் தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் கட்டடத்தைப் பற்றி எழுதும்போது, யார் எங்கே புகுந்தார்கள் என்பதே வழக்காகிப்போன கேள்வி. ‘வந்தது’ என்று எழுதினால் தகராறு இல்லை. அதற்காக வாழை இழந்த விவசாயியின் பேச்சைச் சுருக்கிவிடாதீர்கள், அவருடைய கணக்கும் முழுதாக வர வேண்டும்.

‘ஆட்கொல்லி’யும் அப்படித்தான். யார் அறிவித்தார்கள் என்று கேட்காமல் எழுதக் கூடாது. 2021-ல் ‘ஆட்கொல்லி’ என்று பரவலாக எழுதப்பட்டு, டி-23 என்று எண்ணிட்டுத் தேடப்பட்ட புலி கடைசியில் அக்டோபரில் மசினகுடி பக்கம் உயிரோடு பிடிபட்டது.

வனத்துறையில் யார் சொன்னார் என்பதையும் சரியாகப் போடுங்கள். வனக்காப்பாளருக்கு மேல் வனவர், அவருக்கு மேல் வனச்சரகர், அதற்கும் மேலே மாவட்ட வன அலுவலர். நேரில் பார்த்ததை வனவர் சொல்லலாம். யானையைப் பிடிப்பார்களா, கும்கி வருமா என்பதை அவர் வாயிலிருந்து எடுத்து எழுதினால் மறுநாள் மறுப்பு வரும்.

சின்னதாக ஒன்று: குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் மேய்வதை எல்லோரும் காட்டெருமை என்கிறோம். அது எருமை இனமே இல்லை, காட்டுமாடு. வழக்கில் ஊறிவிட்டதால் தலைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே ஒரு இடத்திலாவது காட்டுமாடு என்று எழுதுங்கள்.

மழை அளவு எழுதும்போது எங்கள் இதழில் அடிக்கடி தப்பு வருகிறது. (குன்னூர்)

மூன்று இடத்தில்தான் வழுக்கும். ஒன்று, மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மி.மீ. பதிவானது, அதாவது 82 செ.மீ. இதை 820 செ.மீ. என்று எழுதினால் எட்டு மீட்டர் மழை. இரண்டாவது, தேதி. மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் படிக்கிறார்கள். ‘8-ம் தேதி மழை’ என்று பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி 7-ம் தேதி பெய்தது. மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல் தருவது: எல்லா நிலையங்களின் அளவையும் கூட்டி ‘மாவட்டத்தில் மொத்தம் 1,150 மி.மீ. மழை’ என்று போடுவது. பத்துப் பேரின் காய்ச்சலைக் கூட்டி ஆயிரம் டிகிரி என்று சொல்வதுபோல. சராசரி போடுங்கள், அல்லது அதிகம் பெய்த இரண்டு மூன்று ஊரைத் தனித்தனியாகப் போடுங்கள்.

‘கனமழை’க்கும் அளவு உண்டு. வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. ‘நீலகிரியில் மழை’ என்று பொத்தாம்பொதுவாகவும் எழுதாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் பந்தலூர் நனைந்துகொண்டிருக்கும்போது கோத்தகிரியில் துணி காயும். வடகிழக்குப் பருவத்தில் கதை தலைகீழ்.

பச்சைத் தேயிலை விலை செய்தியில் சதவீதம் எப்படிப் போடுவது மேடம்? (கோத்தகிரி)

கிலோ 20 ரூபாய் 25 ஆனால் உயர்வு 25 சதவீதம். அதே 25 திரும்ப 20 ஆனால் சரிவு 20 சதவீதம்தான். பழைய விலையால் வகுக்க வேண்டும், அவ்வளவே. ரூபாயையும் சேர்த்தே எழுதுங்கள், விவசாயி ரூபாயில்தான் யோசிக்கிறார். அதைவிடப் பெரிய குழப்பம், எந்த விலை என்பது. தேயிலை வாரியம் அறிவிக்கும் மாத விலை, தொழிற்சாலை கையில் கொடுக்கும் விலை, ஏஜென்ட் எடுக்கும் விலை மூன்றும் வேறு. குன்னூர் ஏலத்தில் சொல்வது தூள் விலை. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். தூள் விலையை இலை விலை என்று போட்டுவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

எங்கள் ஹட்டியில் பெரியவர்கள் படுக மொழியில்தான் பேசுவார்கள். தமிழில் எழுதும்போது மேற்கோள் குறி போடலாமா? (கோத்தகிரி)

நல்ல கேள்வி, பத்திரிகையாளர்களே நழுவும் இடம். மேற்கோள் குறி என்றால் ‘இதே சொற்களை அவர் சொன்னார்’ என்று பொருள். மொழிபெயர்த்த பிறகு அவை உங்கள் சொற்கள். ஆகவே முடிந்தவரை அயற்கூற்றில் எழுதுங்கள்: ‘மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று அவர் படுக மொழியில் கூறினார்.’ ஏதாவது ஒரு சொல் அத்தனை அழகாக இருந்தால் அதைப் படுக மொழியிலேயே வைத்துப் பொருள் சொல்லலாம். நீங்கள் எழுதிய தமிழை அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்று. மலையில் இருப்பவர்கள் எல்லோரையும் ‘பழங்குடியினர்’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியிருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினர். படுகர்கள் பழங்குடியினர் பட்டியலில் இல்லை. ஊர்ப் பெயரிலும் கவனம்: படுகர் ஊர் ஹட்டி, தோடர் குடியிருப்பு மந்து.

அதிகாரி எல்லாம் பேசி முடித்துவிட்டு ‘இதைப் போடாதீங்க’ என்கிறார். (ஊட்டி)

பேசுவதற்கு முன்பே சொல்லி நீங்கள் சம்மதித்திருந்தால் கட்டுப்பட வேண்டும். பின்னால் சொன்னால் கட்டாயம் இல்லை. ஆனால், பத்திரிகைக்காரரிடம் பேசிப் பழக்கமில்லாத சாதாரண ஆள் அப்படிக் கேட்டால் இரண்டு முறை யோசியுங்கள்.

சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கில் பெயர் போடாமல் ஊரும் வகுப்பும் போடலாம்தானே? (பந்தலூர்)

கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் தெரியவைக்கும் வேறு எதையும் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. சென்னையில் ‘9-ம் வகுப்பு மாணவி’ என்றால் ஆயிரக்கணக்கானோர். அறுபது வீடு உள்ள ஒரு தோட்டத் தொழிலாளர் லைன் குடியிருப்பில் ஒரே ஒரு பெண்தான் 9-ம் வகுப்பு படிப்பாள். கைதானவர் மாமா என்றோ, பக்கத்து வீட்டுக்காரர் என்றோ எழுதினாலும் அடையாளம் வெளியே வந்துவிடும். ‘கூடலூர் பகுதி’ என்று பெரிதாகச் சொல்லி நிறுத்துங்கள். குற்றம் சாட்டப்பட்டவரே சிறுவன் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது.

கைதானவரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள், தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர். தற்கொலைச் செய்தியில் எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம், ‘இந்தக் காரணத்தால்’ என்று ஒற்றைக் காரணம் கட்டவும் வேண்டாம். முடிவில் 104, 14416 உதவி எண்கள் இருக்கட்டும்.

மண்சரிவு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் எப்படி நம்புவது? (குன்னூர்)

ஒவ்வொரு மழைக்கும் பழைய சரிவு புதிதாக வரும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: மைல்கல், கடைப் பலகை, பேருந்தின் நிறம், வண்டி எண். கொண்டை ஊசி வளைவில் எண் பலகை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு படத்தை வெட்டி கூகுள் லென்ஸில் தேடுங்கள். பிறகு 1077-க்கு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, போன் செய்து கேளுங்கள். அனுப்பியவரிடம் ‘நீங்கள் எடுத்ததா?’ என்று கேட்டாலே பலர் பின்வாங்கிவிடுவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாணவர்கள் கேட்கலாமா? (கூடலூர்)

குடிமகன் யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘குப்பையை ஏன் அள்ளவில்லை?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை குப்பை லாரிகளின் பயணப் பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

ஊட்டியா, உதகையா, உதகமண்டலமா? (ஊட்டி)

ஒன்றைத் தேர்ந்தெடுத்து இதழ் முழுக்க அதையே எழுதுங்கள். அலுவலகப் பெயர்களில் மட்டும் உதகமண்டலம்.

மழையில் குறிப்பெடுக்க, சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்தி சொல்ல ஏதாவது வழி? (மஞ்சூர்)

ஈரத் தாளில் பால்பாயின்ட் எழுதாது, மை பேனா ஓடிவிடும். பென்சில் எழுதும். பையில் இரண்டு வையுங்கள். குறிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், பேசியவர் பெயரும் பதவியும் முதலில். பெயரை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று போனில் செய்தி சொல்லும்போது எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்: ‘ஒன்று, பூஜ்யம், ஏழு’. பெயரில் ல, ள, ழ எது என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கெத்தை, போனில் குன்னூர் பக்கத்துக் கேத்தியாகக் கேட்கும்.